கைகாட்டிக்குக் காத்திருந்த ஒன்பது வீடுகள்

ஹெக்கர்பி கிராமத்து ஸ்டேஷன் வரிசையின் ஒன்பது வீடுகளும் ஒரு திங்கட்கிழமை காலை கிழக்கே புறப்பட்டுப் போயின. கடைசி வீட்டில் மேவிஸ் ஹோர்ஸ்ஃபால் அப்போது முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். வாணலியில் முட்டை மேற்குப் பக்கமாகச் சரிந்து, விளிம்பைத் தொட்டு, மறுபடி நடுவுக்கு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் பின்பக்கத்து லீக்ஸ் வெங்காயப் பாத்தி மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பாத்திதான் எங்கோ கிளம்பிவிட்டது என்று முதலில் நினைத்தாள். பாத்திக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் சர்ச், சர்ச்சுக்குப் பின்னால் மொத்த ஊரும் போவதைப் பார்த்த பிறகுதான் போவது தன் வீடு என்று விளங்கிற்று. அடுப்பைக் குறைத்துவிட்டு முட்டையைத் திருப்பிப் போட்டாள். அந்த வாரம் வெண்ணெய் விலை ஏறியிருந்தது. கடையில் வீடு போனதைப் பேசியவர்களைவிட வெண்ணெயைப் பேசியவர்களே அதிகம்.

வீடுகள் போன வேகம், ஒரு ஆள் தள்ளுவண்டியில் ஜல்லி நிரப்பித் தள்ளிக்கொண்டு போகிற வேகம். முன்னே ஒன்றாம் நம்பர், பின்னே ஒன்பதாம் நம்பர், நடுவில் ஒரு விரிசல் இல்லை. தபால்காரர் பின்னாலேயே நடந்து போய் ஒவ்வொரு கதவிலும் தபாலைச் செருகினார். ஏழாம் நம்பருக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய பார்சல் இருந்ததால் கொஞ்ச தூரம் ஓடவும் வேண்டியிருந்தது. இரண்டாம் நம்பரில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். வெந்நீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று பின்னர் பெருமையாகச் சொன்னார். தண்டவாளத்தைப் பிடுங்கி முப்பது வருஷமாகிவிட்ட மேட்டின் மேல், நெருஞ்சியையும் நாணலையும் அமுக்கிக்கொண்டு, துவைத்துப் போட்ட துணி கொடியில் ஆட, வரிசை போயிற்று.

அதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வீடுகளைக் கட்டியது ரயில் கம்பெனி. செங்கல் சுட்ட சூளையும் அவர்களுடையது, ஒன்பது வீட்டுச் சுவர்களையும் துளைத்து இழுத்துக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகள் ரயில் பெட்டிகளைக் கோத்த அதே பட்டறையில் அடித்தவை. வரிசையின் கிழக்கு முனையில் ஒரு கைகாட்டி. கை கிடையாக நின்றால் நில், கீழே சாய்ந்தால் போ. கடைசி வண்டி போன நாளன்று கையைக் கிடையாக வைத்துவிட்டுப் போனார்கள். அது அப்படியே துருப்பிடித்து இறுகிக்கொண்டது. ஒன்பது வீடுகளும் முப்பது வருஷம் அதற்குக் கட்டுப்பட்டு நின்றன. ரயில்காரன் கட்டிய வீடு கைகாட்டியை மீறாது. கை சாய்ந்தது, போயின, அவ்வளவுதான்.

சாய்த்தவன் எட்டாம் நம்பர் சிரில் ரெய்ஸ்ட்ரிக். மேவிஸுக்கு அடுத்த வீட்டுக்காரன், அந்தக் காலத்துக் கேபின்காரன், கைகாட்டிக் கேபினில் லிவர் இழுத்தவன். ஹெக்கர்பியை மரபுப் பாதுகாப்புப் பகுதியாக்க வேண்டும் என்று கிளம்பிய சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். சங்கம் கிளம்பியதற்குக் காரணம் கிரிம்ஷா. ரயில் நிலத்தையெல்லாம் கூறுபோட்டு விற்றபோது சரக்கு யார்டையும் ஸ்டேஷன் வரிசையையும் சேர்த்து வாங்கிய ஆள் அவன். வரிசையை இடித்துவிட்டு அங்கே புது வீடுகள் கட்டப் போகிறான். குடியிருப்பவர்களுக்கு நகரத்தில் மாடிக் குடியிருப்பு. மேவிஸுக்கு நான்காம் மாடி என்று எழுதி வந்திருந்தது. கணப்பு கிடையாது, மின்சார அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல். லீக்ஸை அங்கே எதில் நடுவது என்று கேட்டு அவள் எழுதிய பதிலுக்கு, பால்கனியில் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அவள் வளர்க்கும் லீக்ஸின் தண்டு ஆள் முழங்கை கனம். அந்தக் காகிதத்தை அவள் அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தினாள்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. கவுன்சில் வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டுக்குள் இருப்பது ரயில்காரர்கள் விட்டுப்போன சொத்து, இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்று அறிவித்துவிட்டால் கிரிம்ஷா கடப்பாரையைத் தொட முடியாது. அதற்காக அந்த வாரம் வியாழக்கிழமை கவுன்சில் கமிட்டி நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. வருகிறவர்கள் கண்ணுக்கு ஊர் எடுப்பாக இருக்கட்டும் என்று சங்கத்தார் கேபினுக்கு வெள்ளையடித்தார்கள், ஸ்டேஷன் பலகையைத் தேய்த்தார்கள். கைகாட்டிக்கு எண்ணெய் போடும் வேலையைச் சிரில் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று நாள் எண்ணெய் ஊற்றினான். திங்கட்கிழமை காலை, லிவரைத் துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, லிவரை இழுத்துப் பார்த்தான். கேபின்காரர்கள் லிவரை வெறுங்கையால் தொட மாட்டார்கள். வியர்வை பட்டால் பளபளப்பு போய்விடும். கை சாய்ந்தது. முப்பது வருஷம் கழித்துக் கேட்ட அந்தச் சத்தத்தில் அவன் துணியும் கையுமாகச் சொக்கிப்போய் நின்றான். கீழே தன் சொந்த வீடு கேபினைக் கடந்து போனதைக்கூட, தன் சமையலறையில் தன் கோட்டு ஆணியில் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் கவனித்தான்.

வரிசை ஹெக்கர்பி எல்லையைத் தாண்டி, அடுத்த ஊரான மார்ட்டனில் ஒரு பப்புக்கு முன்னால் போய் நின்றது. அங்கே ஏன் நின்றது என்றால், மார்ட்டனின் பழைய கைகாட்டியை அந்தப் பப்காரர் ஏலத்தில் எடுத்து, அலங்காரத்துக்காகத் தோட்டத்தில் நட்டு, பூந்தொட்டி தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் இருக்கக் கையைக் கிடையாக வைத்து ஆணி அடித்திருந்தார். ஒன்றாம் நம்பர் வீட்டின் வாசற்படி பூந்தொட்டிக்கு ஒரு கஜம் இந்தப் பக்கம் நின்றது. பப்காரர் வெளியே வந்து பார்த்தார். ஒன்பது வீட்டு ஜனம். உள்ளே போய் இன்னொரு பீப்பாயைத் திறந்தார்.

அன்று மத்தியானம் சிரில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். மேவிஸ் வாசலில் நின்றிருந்தாள்.

"என்னய்யா பண்ணினே?"

"எண்ணெய் போட்டேன்."

"எண்ணெய் போட்டா வீடு கிளம்பிடுமா?"

"போட்டுட்டு இழுத்தும் பார்த்தேன்."

"யாரைக் கேட்டு இழுத்தே?"

அதுதான் கேள்வி. அடுத்த கேபினை மணியடித்துக் கேட்காமல் கைகாட்டியை இறக்குவது கேபின்காரனுக்குக் கொலைக்குச் சமம். சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கேக்கிறதுக்கு யார் இருக்கா மேவிஸ்? அடுத்த கேபின் இருந்த எடத்துல பிங்கோ விளையாடற ஹால் கட்டிட்டான்."

"பிங்கோ ஹால்ல போய்க் கேட்டிருக்கலாமில்ல. அவங்களுக்கும் மணியடிக்கத் தெரியும்."

அவன் தன் வீட்டுக்குள் போய்ப் பல் செட்டையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஹெக்கர்பிக்குத் திரும்பிவிட்டான். வீடு இங்கே நிற்கும்போது அங்கே போய் எங்கே படுப்பாய் என்று ஆறாம் நம்பர்க்காரர் கேட்டார். கேபினில் என்றான். அந்த முனையில் ஆள் இல்லாவிட்டால், வழி காலி என்று சொல்லி வண்டியை யார் திரும்ப வாங்குவது என்றான்.

மேவிஸும் சிரிலும் தெருவில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். ஆனால் அவன் தட்டினால் அவள் தட்டுவதில்லை. ஸ்டேஷன் வரிசையில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். அது தபால்காரருக்கும் போலீசுக்கும் உள்ளது. கணப்பின் பின்சுவரை நெருப்புக் கிளறும் கம்பியால் தட்டுவார்கள். ஒரு தட்டு, இருக்கிறாயா. ஒன்று திரும்பி வந்தால் ஆள் இருக்கிறது. பிறகு மூன்று தட்டு, வரலாமா. மூன்று திரும்பி வந்தால் வரலாம். வராவிட்டால் வரக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. கேபினுக்குக் கேபின் மணியடித்து வண்டியைக் கேட்டு வாங்கிய பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணம், கருமாதி, கடன் சர்க்கரை எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் நடந்தன. இருவருக்கும் துணை போன பிறகு, சாயங்காலம் ஆனால் சிரில் எட்டாம் நம்பரிலிருந்து தட்டுவான், மேவிஸ் திருப்பித் தட்டுவாள், அவன் வந்து டீ குடித்துவிட்டுப் போவான். லீக்ஸ் கண்காட்சியில் அவன் நடுவராக உட்கார்ந்து, மேவிஸின் மூன்று தண்டுகளில் ஒன்றின் இலையைப் புரட்டிப் பார்த்து, துருநோய்ப் புள்ளி இருக்கிறது என்று தள்ளி வைத்த வருஷத்தோடு அது நின்றது. அதன்பிறகும் அவன் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு தட்டு தட்டிக்கொண்டுதான் இருந்தான். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

வீடு மார்ட்டனுக்கு வந்த அன்று சாயங்காலமும் தட்டு வந்தது. எட்டாம் நம்பர் காலி, சிரில் மூன்று மைல் தள்ளிக் கேபினில். ஆனாலும் மேவிஸின் கணப்புச் சுவரில் ஒரு தட்டு, தெளிவாக. கேபினில் உள்ள கரியடுப்பும் அதே கம்பெனி அடுப்புதான், அதன் முதுகிலே தட்டியிருப்பான். சத்தம் தண்டவாளம் வழியாக வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தண்டவாளம் இல்லாவிட்டாலும் வருகிறது என்று மேவிஸ் தெரிந்துகொண்டாள். கரியைக் கிளறிவிட்டுக் கம்பியை அதன் இடத்திலே சாய்த்து வைத்தாள்.

மறுநாள் மார்ட்டன் பக்கத்துக் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்தார். அனுமதியில்லாமல் ஒன்பது வீடுகள் கட்டியதற்காக, அவற்றைத் தரைமட்டமாக்கும்படி நோட்டீசை ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார். கட்டவில்லை, வந்தோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். வருவதற்கும் அனுமதி வேண்டும் என்றார். அவர் போன பிறகு ஹெக்கர்பி கவுன்சிலின் ஃபிலிப்பா வந்தாள். பாதுகாப்புப் பகுதிக் கோட்டை வரையும் அதிகாரி அவள்தான். வயது முப்பதுக்குள், நல்ல பெண், வரைபடம் மழையில் நனையாமலிருக்கத் தன் மழைச்சட்டைக்குள் வைத்திருந்தாள். மேவிஸ் உட்காரவைத்து டீயும் பன்றிக்கறிப் பணியாரமும் கொடுத்தாள்.

"மிஸஸ் ஹோர்ஸ்ஃபால், கோட்டுக்குள்ள இருந்தாத்தான் நான் காப்பாத்த முடியும்."

"கோட்டை இங்க வரைக்கும் இழுத்துப் போடேன் கண்ணு."

"இது எங்க கவுன்சில் இல்லையே. கோடு எல்லையைத் தாண்டினா ரெண்டு கவுன்சிலும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அவங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உட்கார்ந்தே பல வருஷம் ஆச்சு."

"வியாழக்கிழமை கமிட்டி வரும்போது வரிசை அங்க இல்லேன்னா?"

ஃபிலிப்பா பணியாரத்தைக் கீழே வைத்தாள். "காலி மனையைப் பாதுகாப்புப் பகுதின்னு சொன்னா சிரிப்பாங்க. கிரிம்ஷா அன்னிக்கே கான்கிரீட் ஊத்திடுவான். திரும்பி வர்றதுக்கு உங்களுக்கு எடமே இருக்காது. இங்க நின்னா இவங்க இடிப்பாங்க."

ஆக வியாழக்கிழமைக்குள் திரும்பாவிட்டால் நான்காம் மாடிதான். மற்ற வீடுகளில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, பப் பக்கத்தில் இருந்ததில் அவர்களுக்குப் பாதிக் கவலை கரைந்திருந்தது. மேவிஸ் இரவு கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தொட்டியில் லீக்ஸ் வைத்தால் வேர் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பஸ் ஏறி ஹெக்கர்பிக்குப் போனாள், பாத்திக்குத் தண்ணீர் விட. வரிசை நின்ற இடம் பல் பிடுங்கிய ஈறு மாதிரி கிடந்தது. சுற்றிலும் கிரிம்ஷாவின் வேலி, வேலியில் ஒரு விளம்பரப் பலகை: கைகாட்டித் தோட்டம், ரயில் காலத்து அழகில் பன்னிரண்டு சொகுசு வீடுகள். நடுவில் மண் தோண்டும் இயந்திரம் மஞ்சளாக நின்றது. கிரிம்ஷா வேலிக்குள்ளிருந்து கையை ஆட்டினான். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை அம்மா, அவர்களாகவே கிளம்பிப் போனார்கள், என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லாததால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

பாத்தி ஈரமாக இருந்தது. யாரோ ஏற்கெனவே தண்ணீர் விட்டிருந்தார்கள். நத்தைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடியிருந்தது. காற்றுக்குச் சாய்ந்த ஒரு தண்டைக் குச்சி நட்டு நிமிர்த்தி, துணியால் தளர்வாகக் கட்டியிருந்தது. மேவிஸ் குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட துணி, லிவர் துடைக்கும் துணி. கேபின்காரன் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது எதை விட்டாலும் அதை விட மாட்டான். சிரில் அதைத் தன்னோடு புதைக்கச் சொல்லி வைத்திருந்தான். அவள் எல்லா இலைகளையும் புரட்டிப் பார்த்தாள், ஏதாவது கெடுத்து வைத்திருக்கிறானா என்று. ஒன்றும் இல்லை. பிறகு கேபின் படியேறினாள். சிரில் அடுப்பு மேல் பன்றிக்கறி வாட்டிக்கொண்டிருந்தான்.

"தினம் தட்டறேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"கை வேலையா இருந்துச்சு."

"நாளைக்குக் கமிட்டி வருது மேவிஸ். வரிசையை இன்னிக்கோ நாளைக்கோ வாங்கணும். அதை நான் கேக்க முடியாது. வண்டி உன் பக்கம் நிக்குது, திரும்பறப்போ உன் வீடுதான் முன்னால, நீதான் கேக்கணும். நான் ஒண்ணு தட்டுவேன், நீ ஒண்ணு தட்டு. அப்புறம் நீ மூணு தட்டணும்."

"நான் உன்னை வரலாமான்னு கேக்கணுமா?"

"சட்டம் அப்படி."

"யார் சட்டம்?"

"ரயில் சட்டம்."

"ரயிலே இல்லையேய்யா."

"அதான் வீடு போச்சே."

அவள் ஜன்னல் வழியே பாத்தியைப் பார்த்தாள். "அந்த இலையில இருந்தது துரு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே போய்த் தட்டறேன்" என்றாள்.

சிரில் கறியைத் திருப்பிப் போட்டான். வீடு போனவன், இரண்டு இரவாக மர நாற்காலியில் தூங்கியவன், மறுநாள் எல்லாம் கைவிட்டுப் போகப்போகிறவன். "அது துருதான் மேவிஸ்" என்றான். "பொய் சொல்லி நான் வண்டி வாங்க மாட்டேன்."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒரு தரம் தனக்குத்தானே சிரித்ததாகவும், உடனே நிறுத்திக்கொண்டதாகவும் டிரைவர் சொல்வார்.

வியாழக்கிழமை தூறல். ஹெக்கர்பியில் நடந்ததைப் பின்னர் கடையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கமிட்டிக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஃபிலிப்பா வரைபடத்தை விரித்தாள். வரைபடத்தில் ஒன்பது கட்டங்கள், தரையில் ஒன்பது பள்ளங்கள். கிரிம்ஷா எல்லோருக்கும் குடை கொடுத்தான். குடையில் கைகாட்டித் தோட்டம் என்று அச்சடித்திருந்தது. கமிட்டித் தலைவர், ரயில் மரபு எங்கே அம்மா என்று கேட்டார். ஃபிலிப்பா கிழக்கே கையைக் காட்டினாள். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். பஸ்ஸில் போகலாம் என்றாள்.

அந்த நேரத்தில் மார்ட்டனில் மேவிஸின் கணப்புச் சுவரில் ஒரு தட்டு கேட்டது. அவள் கம்பியைக் கையில் எடுத்தாள். கம்பி எப்போதும் இருக்கிற கனத்தைவிடக் கனமாக இருந்தது. நான்காம் மாடியை நினைத்தாள், தொட்டியை நினைத்தாள், இலையை நினைத்தாள். சிவப்புக் கோடு போட்ட துணி எப்படித் தளர்வாக, தண்டு நோகாமல் கட்டியிருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அதைத்தான் அவள் நினைக்க விரும்பவில்லை. ஒரு தட்டு தட்டினாள். பல வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவர் இந்தப் பக்கமிருந்து அடி வாங்கியது, கரித்தூள் கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தட்டினாள்.

பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். கெட்டில் கொதித்து அடங்கியது. பழிக்குப் பழி என்று நினைத்தாள். இத்தனை வருஷம் நான் காக்க வைத்தேன், இப்போது அவன் வைக்கிறான், கிழட்டுப் பயல், நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான்.

சிரில் சிரிக்கவில்லை. கேபின் ஜன்னலில் நின்று, வழி காலியாக இருக்கிறதா என்று பார்த்தான்; அதைப் பார்க்காமல் எந்தக் கேபின்காரனும் வண்டியை வாங்க மாட்டான். வழி காலியாக இல்லை. நடு மனையில் மஞ்சள் இயந்திரம், அதைச் சுற்றிக் குடைகள். ஒருமுறை கேட்காமல் இழுத்தவன் இரண்டாம் முறை பார்க்காமல் வாங்க மாட்டான். சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான்.

"எல்லாரும் தள்ளுங்க. அந்த மெஷினை எடு."

"எதுக்குய்யா?" என்றான் கிரிம்ஷா.

"வண்டி வருது."

"என்ன வண்டி?"

"என் வீடு."

கிரிம்ஷா கமிட்டிக்காரர்களைப் பார்த்துத் தன் நெற்றியோரம் விரலைச் சுழற்றிக் காட்டினான். ஆனால் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் ஹெக்கர்பிக்காரன், அவன் அப்பா தண்டவாளம் போட்டவர். சிவப்புக் கொடியைப் பார்த்ததும் அவன் கை தானாகவே வேலை செய்தது. முதலாளி கத்தக் கத்த இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்து, வேலியை உடைத்து, விளம்பரப் பலகையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றான். கமிட்டிக்காரர்கள் ஸ்டேஷன் மேடைக்கு ஏறினார்கள். சிரில் மூச்சிரைக்கக் கேபினுக்குத் திரும்பி, அடுப்பின் முதுகில் மூன்று தட்டினான்.

மேவிஸ் அதைக் கேட்டாள். கேட்டதும் வாணலியில் மிச்சமிருந்த கொழுப்பு கிழக்குப் பக்கமாகச் சரிந்தது. இப்போது அவள் வீடு முன்னால், ஒன்றாம் நம்பர் பின்னால். பப்பிலிருந்து சிலர் கிளாசோடு ஓடி வந்து தங்கள் வாசலில் தாவி ஏறினார்கள். ஐந்தாம் நம்பர்க்காரர் அவசரத்தில் ஏழாம் நம்பரில் ஏறிவிட்டார், அங்கேயே சாப்பிட்டார். போனதைவிட வந்த வேகம் அதிகம். வரும் வழியில் மழை கொட்டியது, ஆனால் வரிசையின் புகைபோக்கிகள் எல்லாம் புகைந்துகொண்டிருந்ததால் வீட்டுக்குள் யாருக்கும் குளிரவில்லை. மேவிஸ் சமையலறை ஜன்னலில் நின்றாள். சர்ச் வந்தது, கொட்டகை வந்தது. வேகம் குறைந்து குறைந்து, ஜன்னலுக்கு நேராக லீக்ஸ் பாத்தி வந்து நின்றது. ஒரு செங்கல்கூட இடம் பிசகவில்லை. ஒன்பது பள்ளத்திலும் ஒன்பது வீடுகள் உட்கார்ந்தன. மேடையில் நின்ற கமிட்டித் தலைவர் குடையை மடக்கினார். அவர் சின்ன வயதில் வண்டி பார்க்க அந்த மேடைக்கு வந்தவர். கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றார்.

தீர்மானம் அன்றே எழுதவேண்டியிருந்தது, எழுதுவதில்தான் சிக்கல். நகரும் கட்டடத்தைப் பாதுகாப்புப் பகுதியில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். கட்டடம் மட்டுமல்ல, அந்த இடத்தின் தனிக் குணத்தையும் காக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, இந்த வரிசையின் தனிக் குணம் கைகாட்டிக்குக் கட்டுப்படுவது, என்றாள் ஃபிலிப்பா. அவளே மார்ட்டன் கவுன்சிலுக்கும் நடையாய் நடந்தாள். தங்கள் பப்பின் பீர் விற்பனை ஒரே வாரத்தில் என்ன ஆயிற்று என்று அவர்களே விசாரித்து வைத்திருந்ததால், அவர்கள் நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஹெக்கர்பிக்காரர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து கையெழுத்தும் போட்டார்கள். ஆகவே ஹெக்கர்பி பாதுகாப்புப் பகுதியின் கோடு, வரைபடத்தில் பார்த்தால், நீளக் கைப்பிடி வைத்த வாணலி மாதிரி இருக்கும். வாணலி ஊர். கைப்பிடி பழைய ரயில் மேடு. கைப்பிடி முனையில் பப். அதற்குள் எதையும் இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. வரிசை நகராமல் நின்றுவிட விரும்பினால்கூட அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும்.

பிறகு வருஷங்கள் போயின. கிரிம்ஷா இயந்திரத்தை விற்றான். கொஞ்ச நாள் வழக்குப் போட்டுப் பார்த்தான், தோற்றான், வேறு தொழில் ஒன்றும் சரிவராமல் கடைசியில் தன் சொந்த மூன்றாம் நம்பரிலேயே குடி வந்தான். பயணத்தில் கிளாசில் இருந்து பீர் சிந்துகிறது என்று அவன் எழுதிய புகார் கவுன்சிலில் இருக்கிறது. ஃபிலிப்பா கல்யாணம் செய்துகொண்டு தெற்கே போய்விட்டாள், ஆனால் கோடு அவள் போட்டபடியே இருக்கிறது. தண்ணீர் வரி, குப்பை வண்டி எல்லாம் பழகிவிட்டன. தபால்காரர் மட்டும் புதிதாக வந்தால் முதல் மாதம் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.

மேவிஸுக்குக் கண்காட்சியில் அடுத்த வருஷமும் பரிசு கிடைக்கவில்லை, அதற்கு அடுத்த வருஷம் கிடைத்தது. இரண்டு முறையும் இலையைப் புரட்டிப் பார்த்தவன் சிரில்தான். இரண்டாம் முறை பரிசு அறிவித்தபோது அவள் அவனைப் பார்க்கவில்லை, லீக்ஸைப் பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட துணியை அவள் துவைத்து, இஸ்திரி போட்டு, அவன் கேபின் படியில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வரிசை இப்போதும் அவ்வப்போது மார்ட்டனுக்குப் போகிறது. போகும்போது சிக்கல் இல்லை. சிரில் காலையிலேயே பிங்கோ ஹாலுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் கையை இறக்குகிறான். அவர்களும் சரி என்கிறார்கள். திரும்பி வருவதுதான் மேவிஸ் கையில். சாயங்காலம் கணப்புச் சுவரில் ஒரு தட்டு வரும். அப்போது பப்பில் பேச்சு அடங்கும், மற்ற வீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மேவிஸ் அவசரப்பட மாட்டாள். கெட்டிலை வைப்பாள், கையைத் துடைப்பாள், ஜன்னல் திரையைச் சரி செய்வாள், அன்றைக்கு அவன் ஏதாவது பேசியிருந்தால் அதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாள். சில நாள் உடனே தட்டுவாள். சில நாள் தட்டுவதில்லை. தட்டாத நாளில் எல்லோரும் மார்ட்டனிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். மழை வந்தால் துணியை உள்ளே எடுப்பது மாதிரி அதற்கும் ஆயத்தமாகக் கையில் ஒரு ரொட்டி அதிகமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.